பெயர் மாறிய மூன்று மாதம்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் 'புதுசு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் புதுசுதான். அவளுடைய அண்ணி அங்கே பத்து வருஷமாக ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். ஈரத்தரையில் வழுக்கி விழுந்து அண்ணியின் மணிக்கட்டு உடைந்தபோது, மூன்று மாதம் அவளுடைய இயந்திரத்தில் நிற்க வந்தவள்தான் புதுசு. கட்டுப் பிரித்து அண்ணி திரும்பிய பிறகு, வேலை மலையாகக் கிடந்ததால் இவளையும் வைத்துக்கொண்டார்கள்.

வருஷக் கடைசியில் கணக்கர் எல்லாருக்கும் சம்பள வரிப் படிவம் கொடுத்தார். வருஷம் முழுக்க வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் அதில் இருக்கும். எல்லாரும் நாலாக மடித்துப் பையில் செருகிக்கொண்டார்கள், புதுசும்தான். அண்ணி மட்டும் ஜன்னலோரம் போய் எழுத்து விடாமல் படித்தாள். பிறகு, "உன்னோடதை எடு" என்றாள்.

இரண்டையும் அருகருகே வைத்ததும் தப்பு வெளிப்பட்டது. புதுசு உழைத்த முதல் மூன்று மாதச் சம்பளம் அண்ணியின் பெயரில் ஏறியிருந்தது.

புதுசுக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்தான். சம்பளம் குறைவென்றால் வரியும் குறைவுதானே என்று கேட்டும்விட்டாள். அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மூன்று மாதமும் தான் அரசாங்கத்தின் காய உதவித்தொகையில் இருந்ததை நினைவுபடுத்தினாள். இந்தத் தாளின்படி அவள் வேலையும் பார்த்துக்கொண்டு உதவியும் வாங்கிய ஏமாற்றுக்காரி. புதுசோ மூன்று மாதம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவள்.

அன்றே இருவரும் மேலாளர் முன் நின்றார்கள். அவர் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "பணம் ஒரே வீட்டுக்குத்தானே போச்சு? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார்.

"வீடு ஒண்ணுதான் சார். ஆனா ஒடைஞ்ச கை என்னோடது, வேலை செஞ்ச கை இவளோடது."

அண்ணியின் குரல் துளியும் உயரவில்லை. வீட்டில் ரிமோட்டுக்குக்கூட அண்ணனோடு சண்டை போடாதவளிடம் இப்படி ஒரு குரல் இருப்பது புதுசுக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போனதும் அண்ணி ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினாள். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல், புதுசின் கையெழுத்து இருந்த வருகைப் பதிவின் நகல், இரண்டு படிவங்கள் எல்லாவற்றையும் இணைத்தாள். மறுநாள் அதைச் சலவைக்கூட அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் தன் பிரதியில் முத்திரை வாங்கினாள். பத்து நாள் பொறுத்தாள். பதிலே வரவில்லை. விடுமுறை நாளில் வரி அலுவலகம் போய் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாள். திருத்திய படிவம் தரவேண்டியது முதலாளியின் பொறுப்பு, தராவிட்டால் தாங்களே அவருக்கு எழுதுவோம் என்று அங்கே சொன்னதை எழுதி வாங்கிவந்தாள்.

அந்தத் தாளை மேசையில் வைத்தபோது அவள் மிரட்டவில்லை. மேலாளரே இரண்டு முறை படித்தார். கணக்கரைக் கூப்பிட்டுக் கண்டபடி திட்ட ஆரம்பித்தார். பாவம், அந்த மனிதர் வெளிறிப்போனார்.

"திட்டு வேணாம் சார். நம்பரை மாத்தினா போதும்" என்றாள் அண்ணி.

இயந்திரத்தில் நிற்பவள் மாறியதும் சம்பளக் கணக்கில் புது ஊழியர் எண் போட்டிருக்க வேண்டும். மறந்து, மூன்று மாதமும் பழைய எண்ணிலேயே ஏற்றிவிட்டார் கணக்கர். அண்ணி அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாதம் மாதமாகச் சரிபார்த்தாள். நாலாம் நாள் 'திருத்தப்பட்டது' என்ற முத்திரையோடு இரண்டு படிவங்கள் வந்தன, ஒரு நகல் வரி அலுவலகத்துக்கும் போனது. புதுசின் படிவத்தில் அவள் முதல்நாள் வந்த தேதியே இருந்தது. அவள் அதை நின்ற இடத்திலேயே கடைசி எழுத்து வரை படித்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் துணி மடிக்கும் பெண்கள் மூன்று பேர் ஆளுக்கொரு படிவத்தோடு வந்து நின்றார்கள். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தாளைத் தான் வாங்காமல் புதுசிடம் நீட்டச் சொன்னாள்.