யார் வாயில் யார் குரல்

மேளக்காரரின் கை விழுந்து, எழுந்து, மறுபடி விழப்போகும் நேரத்தில்தான் முதல் அடியின் சத்தம் வந்தது. இப்திஹால் படத்தை நிறுத்தினாள். மடிக்கணினி அப்பாவின் கட்டிலில், அவர் காலடித் தலையணைமேல் இருந்தது.

"நான் சொன்னேன்ல. அந்தாளு அடிக்கிறது ஒண்ணு, கேக்கிறது ஒண்ணு" என்றார் ஷவ்கி.

ஒவ்வொரு பேச்சுக்கு முன்னாலும் அவர் இப்போது இளைப்பாற வேண்டியிருந்தது. ஆனால் குறை சொல்ல மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேட்டதைக் குடுங்க" என்று மருத்துவர் நேற்று அனுப்பிவிட்டார். அலெக்சாந்திரியா ட்ராமில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்த மனிதர். கடைசி நிறுத்தம் வருவதை அவருக்கு யாரும் கூவிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதைக் கொடுப்பார்களாமே என்று இரண்டு கேட்டார். ஒன்று, மகளின் கல்யாணப் படம், வாயும் சத்தமும் சேர்ந்து, ஒழுங்காக. மற்றது, மேல்மாடியில் குடியிருக்கும் தம்பி மித்வல்லி.

முதலாவதைக் கொடுத்துவிடலாம். இரண்டாவதற்கு அந்த முதலாவதுதான் வில்லங்கம்.

இப்திஹாலின் பிழைப்பே வாய் பொருத்துவதுதான். துருக்கித் தொடர்களுக்கு அரபியில் பேசுபவர்களின் குரலை நடிகர்களின் உதட்டில் கொண்டுபோய் உட்காரவைக்கும் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்தது போதும், வீட்டிலும் எதற்கு என்று, தன் கல்யாணக் கேசட்டைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பைக் கணவன் ரகபிடம் விட்டாள். ரகப் முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தான். பிரமாதம் என்றான். ஆளுக்கொரு பிரதி போட்டு, நோன்புப் பெருநாளன்று இனிப்பு கொடுப்பதுபோல வீடுவீடாகக் கொடுத்தான்.

அன்றைக்கே சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமே உட்கார்ந்து பார்த்தது. பாதிப் பேர் உண்ட மயக்கத்தில் சாய்ந்து கிடந்தார்கள். பந்திக் காட்சி வந்தது. திரையில் ஷவ்கி தட்டும் கையுமாக வாயை அசைத்தார். குரல் வந்தது.

"எங்கூடப் பொறந்தவன் தட்டைப் பாருங்கப்பா. சொல்லிக் குத்தமில்ல. அவன் வீட்டுக்காரி வைக்கிற கீரைக்குழம்பைக் கடல்ல ஊத்தினா மீனெல்லாம் கரையேறி ஓடிடும்."

மயங்கிக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். மித்வல்லியின் மனைவி கரீமா எழுந்தே போய்விட்டாள். அவள் பின்னால் மித்வல்லியும், செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு போனார். அதோடு சரி. ரொட்டிக்காகக் கூடையைக் கயிற்றில் இறக்கும்போதுகூடக் கரீமா இவர்கள் பலகணிப் பக்கம் இறக்குவதில்லை. ஷவ்கிக்கு அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை. ஆனால் தன் வாயைத் தானே பார்த்த பிறகு என்னத்தைச் சொல்வது? மூச்சு வாங்க இரண்டு தடவை மாடியேறி மன்னிப்புக் கேட்கப் போனார். இரண்டு தடவையும் கதவுக்குப் பின்னாலிருந்து "அவர் தூங்குறார்" என்றாள் கரீமா.

இப்போது, கையும் சத்தமும் சேர்கிறதா என்று பார்க்க, இப்திஹால் படத்தின் ஆரம்பத்தில் ஒரு கைதட்டலைப் பிடித்தாள். முடிவில் ஒன்றைப் பிடித்தாள். ஆரம்பத்தில் பிசகு இல்லை. முடிவில் சத்தம் நன்றாகப் பின்தங்கியிருந்தது. தேய்ந்த கேசட். கணினிக்கு மாற்றும்போது படம் அங்கங்கே துளித்துளியாக விழுந்துபோயிருக்கிறது, சத்தம் மட்டும் முழுசாக நிற்கிறது. மொத்தச் சத்தத்தையும் முன்னால் தள்ளினால் ஆரம்பம் கெட்டுவிடும். இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, தொளதொளச் சட்டையைப் பக்கவாட்டில் பிடித்துத் தைப்பதுபோல, சத்தத்தைச் சீராகக் குறுக்க வேண்டும். குறுக்கினாள். மேளக்காரர் கை விழுந்தது, சத்தமும் விழுந்தது.

"இப்ப ஆளு ஒழுங்கா அடிக்கிறான்" என்றார் ஷவ்கி.

பந்தி வந்தது. காமிரா முதலில் மித்வல்லியிடம் நின்றது. அவர் கையில் கோழிக்கால். அந்தக் கோழிக்காலை அண்ணன் பக்கம் நீட்டி, வாயைத் திறந்தார்.

"எங்கூடப் பொறந்தவன் தட்டைப் பாருங்கப்பா" என்றது மித்வல்லியின் வாய். கீரைக்குழம்பு, கடல், மீன் எல்லாம் அந்த வாயிலிருந்தே வந்தது. பேசி முடித்த பிறகுதான் காமிரா ஷவ்கியிடம் திரும்பியது. அவர் மும்முரமாக மென்றுகொண்டிருந்தார்.

இப்திஹால் திரும்ப ஓட்டினாள். மறுபடியும் மித்வல்லிதான். சின்ன வயதிலிருந்தே தொலைபேசியில் யார் அண்ணன், யார் தம்பி என்று பெற்ற தாய்க்கே தெரியாத குரல்கள். அப்படியானால் அந்தக் கீரைக்குழம்பு கரீமாவுடையது இல்லை. இதோ, சமையலறையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருக்கும் அம்மா தஃபீதாவுடையது.

இப்திஹாலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அப்பா, நான் இதைத் தூக்கிட்டு மாடிக்குப் போறேன். அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா போட்டுக் காட்டறேன்."

ஷவ்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வழிய, போர்வையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"திருட்டுப் பய. அப்பவே நெனச்சேன், இவ்வளவு நல்லா எனக்குப் பேச வராதேன்னு."

"சிரிக்கிற விஷயமா இது? செய்யாத தப்புக்கு நீங்க மாடியேறிப் போனீங்க."

"கதவைச் சாத்து, உங்கம்மா காதுல விழுந்துடும்." கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டார். "இதைக் காட்டாதே, புள்ள. மன்னிக்க வர்றவன் படியில வேகமா எறங்கி வருவான். மன்னிப்புக் கேக்க வர்றவனுக்கு முழங்கால் பிடிச்சுக்கும். எனக்கு அவ்வளவு நேரம் இல்ல. நான் மன்னிப்புக் கேக்கிறேன்னு போய்ச் சொல்லு."

மகள் முறைத்தாள். அவர் சாவகாசமாகக் கண்ணை மூடிக்கொண்டார். முறைப்பதை யாரிடம் காட்டுவது? எழுந்து மாடிக்குப் போனாள்.

கரீமாதான் கதவைத் திறந்தாள். "அவர் தூங்கு..." என்று ஆரம்பித்தவள் இப்திஹாலின் முகத்தைப் பார்த்து ஒதுங்கினாள். உள்ளே மித்வல்லி தூங்கவில்லை. உள்சட்டையோடு சாளரத்தருகே உட்கார்ந்திருந்தார்.

"சித்தப்பா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. உங்ககிட்ட இன்னொரு தடவை மன்னிப்புக் கேக்கச் சொன்னார்."

"அவன் எதுக்கு..." என்றார் மித்வல்லி. பிறகு மனைவியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். வெறுங்காலோடு படியிறங்கினார், கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல்.

கட்டிலருகே வந்து நின்றவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குனிந்து அண்ணனின் நெற்றியில் முத்தமிட்டார். "அண்ணே, நீ என்னை மன்னிச்சேன்னு சொல்லு."

"நான் எதுக்குடா? தப்புப் பண்ணினது நானு. நீதான் சொல்லணும்" என்றார் ஷவ்கி. முகத்தில் அப்படி ஒரு பவ்யம். இப்திஹால் போர்வையின் நுனியை மடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"விடுண்ணே. அதெல்லாம் எதுக்கு?"

"சாகப்போறவன் கேக்கிறேன். சொல்லுடா."

"மன்னிச்சேன்" என்றார் மித்வல்லி, யாரோ கழுத்தைப் பிடித்துச் சொல்லவைத்ததுபோல.

"சந்தோஷம். தஃபீதா, இவனுக்குச் சாப்பாடு போடு. என்ன வச்சிருக்கே இன்னைக்கு?"

"கீரைக்குழம்புதான்" என்று அம்மாவின் குரல் வந்தது.

ஷவ்கி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. தம்பி ஒரு தட்டுச் சாப்பிட்டு, கேட்டு வாங்கி இன்னொரு தட்டும் சாப்பிட்டார். இத்தனை ருசியாக எங்கேயும் சாப்பிட்டதில்லை என்றார். தஃபீதாவுக்குப் பெருமை தாங்கவில்லை; பழைய மனஸ்தாபம்கூட மறந்து கரீமாவுக்கும் ஒரு கிண்ணத்தில் அனுப்பினாள்.

பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டேயிருந்தார்கள். சிறுவயதில் கடற்கரைச் சுவரிலிருந்து யாரை யார் தள்ளிவிட்டது என்று ஒரு வழக்கு, இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல கால்சட்டை இருந்ததைப் பற்றி ஒரு வழக்கு. பிற்பகல் அசர் தொழுகைக்கு அழைப்பு வந்தபோது மித்வல்லிதான் பேசிக்கொண்டிருந்தார். பதில் வராததைப் பார்த்து, "தூங்கிட்டான்" என்றார். அவர் கை அண்ணனின் கையைப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார். இப்திஹால் அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். அம்மா சமையலறையில் தேநீருக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். குளிப்பாட்டும்போதும் சரி, குழியில் இறக்கும்போதும் சரி, மித்வல்லி வேறு யாரையும் தலைமாட்டுக்கு விடவில்லை. துக்கம் கேட்க வந்த பழைய ட்ராம்காரர்கள் சர்க்கரையில்லாத காப்பியைக் குடித்துவிட்டு, ஷவ்கி டிக்கெட் இல்லாதவர்களை எப்படிக் கலாய்ப்பார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். குர்ஆன் ஓதுபவர் இரண்டு முறை தொண்டையைக் கனைக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மாலை, நாற்காலிகளை வாடகைக்காரன் அள்ளிக்கொண்டு போன பிறகு, மித்வல்லி இப்திஹாலிடம் வந்தார். துக்க வீட்டில் தொலைக்காட்சிக்குத் துணி போட்டு மூடியிருந்தது.

"அந்தக் கல்யாணப் படம் இருக்கா உங்கிட்ட? அவன் முகத்தை ஒரு தடவை பாக்கணும். துக்க வீடுதான், தப்புதான். கதவைச் சாத்திட்டுப் பாக்கலாம்."

மடிக்கணினியில் இரண்டு கோப்புகள் இருந்தன. ரகபுடையது ஒன்று, தான் சரிசெய்தது ஒன்று. இப்திஹாலின் விரல் ஒரு நிமிடம் தயங்கியது. அப்பா கதவைச் சாத்தச் சொன்ன குரல் காதில் இருந்தது. ரகபுடையதைத் திறந்தாள்.

பந்தி வந்தது. ஷவ்கி தட்டும் கையுமாகத் திரையை நிறைத்து உட்கார்ந்திருந்தார். வாயை அசைத்தார். குரல் கிளம்பியது. இப்திஹாலுக்குத் திரையைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் திரும்பினாள்.

மித்வல்லி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. தட்டில் ஆரம்பித்து, கீரைக்குழம்புக்கு வந்து, கடலையும் மீனையும் தாண்டி, கடைசிச் சொல்வரை குரலுக்கு முன்னும் போகவில்லை, பின்னும் தங்கவில்லை.