பதினைந்தாம் வாரம்

பாடத்திட்டத் தாளில் பதினைந்தாம் வாரத்துக்கு எதிரே ‘எண்பதுகள் முதல் இன்று வரை’ என்று அச்சாகியிருந்தது. லோரீன் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியது ஜனவரியில், சமையலறை ஜன்னலில் பனி ஒரு விரற்கடை தடிமனுக்கு உறைந்து கிடந்த ஒரு மத்தியானம்.

“எண்பத்தஞ்சு வருமா அதுல?” என்றார் ஹார்லன்.

“வரும்ப்பா.”

“எங்க ஸ்ட்ரைக்கு?”

“புத்தகத்துல இருக்கு.”

அவர் காப்பிக் கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார். “என்ன போட்டிருக்கான்?”

கல்லூரிப் புத்தகக் கடையில் நின்றபடியே அந்தப் பக்கத்தை அவள் படித்துவிட்டிருந்தாள். ஒரே ஒரு வாக்கியம். அதை எப்படிச் சொல்வது? வகுப்பில் ஆசிரியை இன்னும் விரிவாகச் சொல்வாள் என்று நம்பினாள். “அங்க வரட்டும்ப்பா. டீச்சர் விளக்கமா சொல்வாங்க, வந்து சொல்றேன்.”

“அப்ப சரி. என்னைய எப்படி எழுதியிருக்கான்னு கேட்டுக்கிறேன். அப்புறமா மெர்லுக்குப் போன் போடுறேன்.”

லோரீன் திடுக்கிட்டாள். சித்தப்பாவின் பெயரை அப்பா வாயிலிருந்து கேட்டு முப்பத்துமூன்று வருடம் ஆகியிருந்தது.

அண்ணன் தம்பி இருவருமே ஊர் இறைச்சி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நின்றவர்கள். வேலைநிறுத்தம் ஆறாவது மாதத்தை எட்டியபோது லோரீனின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கம்பெனிக் காப்பீடு இல்லாமல் அவளை அங்கே வைத்திருக்க வழியில்லை. ஒரு ஜனவரிக் காலையில் ஹார்லன் ஆலை வாசலில் மறித்து நின்ற கூட்டத்தைத் தாண்டி வேலைக்கு உள்ளே போனார். கூட்டத்தின் முன்வரிசையில் மெர்ல் நின்றிருந்தார். “கருங்காலி” என்று முதலில் கத்தியது அவர்தான். அம்மா மார்ச்சில் இறந்தாள். மெர்ல் சாவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஒரே தேவாலயத்தில் ஒருவர் இடப்பக்கமும் ஒருவர் வலப்பக்கமுமாக உட்கார்ந்து, ஒரே பாட்டைப் பாடி, வெவ்வேறு கதவு வழியாக வெளியேறினார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே நான்கே தெருக்கள்.

லோரீனுக்கு வயது நாற்பத்துமூன்று. பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்துவிட்டு, செவிலியர் படிப்பில் சேர நினைத்திருந்தாள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய பொதுப் பாடங்களில் வரலாறும் ஒன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவிலிருந்து இன்று வரை, பதினைந்து செவ்வாய்க்கிழமைகளில்.

புதன்கிழமை மத்தியானம் அவள் அப்பா வீட்டுக்குப் போவாள். அவருக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டிருந்தது. ஓரங்கள் மட்டும்தான் தெரியும். ஆனாலும் புதன்கிழமைகளில் சவரம் செய்துகொண்டு காத்திருப்பார்.

“எங்க வந்திருக்கு?”

“ரயில்வே ஸ்ட்ரைக்கு. பட்டாளத்த எறக்கிட்டாங்களாம்.”

“அங்கயும் எவனாவது உள்ள போயிருப்பானே. அவனப் பத்தி என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலப்பா.”

“ம். வெக்கப்பட்டுக்கிட்டு விட்டிருப்பாங்க” என்று சிரித்தார். “நம்ம கிட்ட வரட்டும், பாக்கலாம்.”

பிப்ரவரியில் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். அதற்குள் அவர், “மெர்ல் நம்பர் அதேதானா? பழைய நம்பர் எனக்கு மனப்பாடம்” என்றார். அவர் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்துவிட்டு, வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அந்த வருடம் பனி விடவில்லை. மூன்று செவ்வாய்க்கிழமைகளில் கல்லூரியை மூடினார்கள். முதல் உலகப்போர் ஒரு வாரம் தள்ளிப்போனது. அதன் பின்னால் வந்த எல்லாமும் தள்ளிப்போயின.

“உங்க டீச்சர மாட்டு வண்டியில ஏத்திவிட்டாங்களா?” என்றார் ஹார்லன். “நடந்தே போனாக்கூட இந்நேரம் வந்து சேந்திருக்கலாம்.”

“நீங்க வேணா இப்பவே சித்தப்பாவுக்குப் பேசுங்களேன்ப்பா.”

“என்னன்னு பேசுறது? மன்னிச்சுக்கன்னா, தப்பு பண்ணேன்னு ஆயிடும். மன்னிச்சேன்னா, அவன் தப்பு பண்ணான்னு ஆயிடும். புத்தகம் எழுதுனவனுக்கு அவனும் வேண்டியவன் இல்ல, நானும் வேண்டியவன் இல்ல. யாரு தப்புன்னு அவன் சொல்லட்டும்.”

வகுப்பில் முப்பதுகளின் பஞ்சம் நடந்துகொண்டிருந்த வாரத்தில், வீட்டு முன்னால் பனியை வாரிக்கொண்டிருந்த மெர்ல் மண்வெட்டியோடு சரிந்தார். ஆம்புலன்ஸ் வரும்போது உயிர் இல்லை.

அடக்கத்தன்று ஹார்லன் கோட்டும் டையும் அணிந்து தேவாலயம் வரை வந்தார். ஆனால் காரை விட்டு இறங்கவில்லை. “எல்லாப் பயலும் யூனியன் தொப்பியோட உள்ள இருப்பான். நீ போ.” தேவாலயத்தின் கீழறையில் வந்தவர்களுக்குக் கொடுத்த பன்றித்தொடை சாண்ட்விச்சைத் தட்டில் வாங்கிக்கொண்டு லோரீன் திரும்பியபோது, அவர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தெரியாத கண்ணால் வாசற்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாண்ட்விச்சைத் தொடவில்லை.

அடுத்த புதன்கிழமையும் சவரம் செய்திருந்தார். “எங்க வந்திருக்கு?” என்று கேட்டார். குரலில் பழைய ஆவல் இல்லை.

கடைசிக்கு முந்தைய வகுப்பில் ஆசிரியை மிஸ் பிராண்ட்வோல்ட் பலகையைத் துடைத்துவிட்டு, “வியட்நாமோட நிறுத்திக்கிறோம். அடுத்த வாரம் பழசத் திருப்பிப் பாக்குறதுதான். மிச்சத்த நீங்களே படிச்சுக்குங்க, பரீட்சைக்கு வராது” என்றாள்.

“மிஸ், எங்கம்மா பொறந்ததுகூட அதுக்கப்புறந்தான்” என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். “அப்ப நாங்கல்லாம் வரலாத்துலயே இல்லையா?” வகுப்பே சிரித்தது.

எல்லோரும் போகும்வரை லோரீன் காத்திருந்தாள். “மிஸ், அந்த இறைச்சி ஆலை ஸ்ட்ரைக்கு... அத மட்டுமாவது எடுக்க முடியாதா?”

ஆசிரியை கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். இன்னொரு ஊர்க் கல்லூரியிலும் அவளுக்கு வகுப்பு உண்டு. “எனக்கும் ஆசதாங்க. பன்னெண்டு வருஷமா இந்தப் பாடம் எடுக்குறேன். ஒரு தடவகூட எண்பதத் தொட்டதில்ல. பனி பெய்யலன்னாலும் தொடமாட்டேன். உங்களுக்கு அதுல வேண்டியவங்க யாராவது இருந்தாங்களா?”

“இருந்தாங்க” என்றாள் லோரீன்.

மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். முன்பு இந்தப் புத்தகத்தை வைத்திருந்த மாணவர் யாரோ பக்கம் முழுக்க மஞ்சள் கோடு போட்டிருந்தார். இந்த வாக்கியத்தை மட்டும் விட்டிருந்தார்.

“‘எண்பதுகளின் நடுவில் நடந்த பல வேலைநிறுத்தங்கள், மத்திய மேற்கு மாநிலங்களின் இறைச்சி ஆலைகளில் நடந்தவை உட்பட, தோல்வியில் முடிந்தன.’”

ஹார்லன் காத்திருந்தார். “ம், சொல்லு.”

“அவ்வளவுதான்ப்பா.”

“ஊர் பேரு?”

“இல்ல.”

“உள்ள போனவங்க?”

“இல்லப்பா.”

குளிர்பெட்டி உறுமி ஓய்ந்தது. கத்தி பிடித்தே மடங்கிப்போன வலது கை விரல்களை அவர் இடது கையால் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். அவை திரும்ப மடங்கின.

“இத எப்ப படிச்ச?”

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்றால் அவர் நம்பியிருப்பார்.

“ஜனவரியில” என்றாள் லோரீன். “புத்தகம் வாங்குன அன்னிக்கே.”

அவர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் அவளைத் தேடினார். திட்டவில்லை.

“சொல்லியிருந்தா அன்னிக்கே போன் போட்டிருப்பேன்டி” என்றார். “‘டேய் மெர்லு, நாம ரெண்டு பேருமே அதுல இல்லடா’ன்னு சொல்லியிருப்பேன். அவன் சிரிச்சிருப்பான்.”

லோரீன் புத்தகத்தை மூடப்போனாள்.

“மூடாத” என்றார் ஹார்லன். “இன்னொரு தடவ படி. மெதுவா.”