வலக் கையுறை

நோல்வென் அம்மாள் புத்தகம் படிக்கும்போது நாங்கள் ஆறு பெண்கள் சுற்றி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்போம். அவர் எங்கள் பிரபு ரிவாலோனின் மனைவி. அந்த வாரக் கதையில் ஒரு வீரன் ஏரிக்கரைக் குள்ளனிடம் தோற்றுப்போகிறான். பார்லி அறுத்த மறுநாள் திரும்பி வந்து உன்னிடம் அடைபடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறான். ஊரில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. வயலில் பார்லி முற்றுகிறது. கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்துபோய்க் குதிரை ஏறுகிறான்.

அந்த இடத்தில் நோல்வென் அம்மாள் அழுதார். நாங்களும் அழுதோம். என் விரலில் ஊசி குத்தியது.

என் கணவர் அலோர் ஆற்றுத்துறைச் சண்டையிலிருந்து திரும்பி அப்போது ஒன்பது நாள் ஆகியிருந்தது. பிரெத்தோன் நாட்டு அரியணைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். நாங்கள் ஒருவர் பக்கம், ஆற்றின் அக்கரைக்காரர்கள் மற்றவர் பக்கம். துறையை விடாமல் பிடித்துக் காத்தவர் அலோர் என்று பேச்சு. குளிர்காலத் தொடக்கத்தில் வரும் மார்ட்டின் திருநாள் விருந்தில் அவரைத் துறைக் கோட்டைக்குத் தலைவராக்கப் போவதாக ரிவாலோன் சொல்லியிருந்தார். எங்களுக்கென்று ஒரு வீடு கிடைக்கும். மூன்று வருடமாக அலோரின் அண்ணன் கதோரெ வீட்டில், ஆப்பிள் அடுக்கும் பரணுக்குக் கீழே இருந்தோம். என் துணிகளெல்லாம் ஆப்பிள் மணத்தன.

அவர் திரும்பிய அன்றே ஒன்றைக் கவனித்தேன். கச்சையில் இடக் கையுறை மட்டும் செருகியிருந்தது. அந்த ஜோடி நான் தைத்தது. மான் தோல், உள்ளே முயல் ரோமம்.

"இன்னொண்ணு எங்க?" என்று கேட்டேன்.

"ஆத்துல போச்சு."

பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும். சிவந்தது. நான் விட்டுவிட்டேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வார்.

மார்ட்டின் திருநாளன்று வாத்து வறுத்திருந்தார்கள். நீள மேசையில் நான் அலோருக்கு இடப்பக்கம், கதோரெ வலப்பக்கம். ஆப்பிள் மது இரண்டாம் சுற்று வரும்போது அக்கரையிலிருந்து ஒரு தூதன் உள்ளே வந்தான். தூதனை யாரும் தொடக் கூடாது. அவன் நேராக வந்து பிரபுவின் முன் ஒரு வலக் கையுறையை வைத்தான்.

"ஐயா, எங்க பக்கம் மோர்வான்னு ஒருத்தன். இன்னும் வீரப் பட்டம் வாங்காதவன். துறைச் சண்டையில உங்க ஆள் ஒருத்தரைக் குதிரையிலேர்ந்து தள்ளியிருக்கான். அவர் இதைக் கழட்டிக் கொடுத்து, 'என்னை மீட்டாலும் மீட்கலைன்னாலும் நான் உன் கைதி'ன்னு வாக்குக் கொடுத்தாராம். அடுத்த நிமிஷம் உங்க ஆளுங்க வந்து அவரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. முகக்கவசம் போட்டிருந்தாராம், சின்னம் பாத்து அடையாளம் சொல்லக் கேடயமும் கையில இல்லையாம். யாருன்னு அவனுக்குத் தெரியல."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார் ரிவாலோன்.

"எங்க தளபதி அவனை நம்பல. கீழ கிடந்ததைப் பொறுக்கிட்டு வந்து கதை விடறான்கிறார். ஒரு வாரத்துல யாரும் வந்து ஒத்துக்கலைன்னா, பொய்யன்னு சொல்லி அவன் வாளை உடைச்சுத் துரத்திருவாங்க. அவன் சாப்பிடறதே இல்லைய்யா. கேட்டுப் பாக்கறேன்னு நான்தான் வந்தேன்."

மண்டபம் சிரித்தது. "பொறுக்கினவனுக்கு இடதும் வேணுமாமா?" என்றார் ஒருவர். கையுறை மேசையில் கைமாறியது. ஆளாளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். சமையல்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரிய உடம்புக்காரருக்கு நாலு விரலோடு நின்றுவிட்டது. "உன் கை வாத்துத் தொடையைப் பிடிக்கத்தான் லாயக்கு" என்று பக்கத்திலிருந்தவர் சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

அலோர் சிரிக்கவில்லை. கதோரெ அவர் பக்கம் சாய்ந்தார். எனக்கும் கேட்டது.

"டேய், வாயைத் திறக்காத. உன்னை இழுத்துட்டு வந்தது நான். மீட்டாச்சு, கதை முடிஞ்சுது."

"மீட்டாலும் மீட்கலைன்னாலும்னு சொன்னேண்ணே."

"யாரு கேட்டா?"

"அவன் கேட்டான்."

"அவன் ஒரு ஆளா? இரவல் குதிரையில சண்டைக்கு வந்த பய." கதோரெ என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா. அந்தப் பரண் நாத்தம் தாங்கலைன்னு நீதானே சொல்லுவே?"

"வாசனைன்னுதான் சொன்னேன், பெரியத்தான்."

கையுறை கதோரெயிடம் வந்தது. மாட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அலோரைத் தாண்டி மேசையின் எதிர்ப்பக்கம் நீட்டினார். அதற்குள் நோல்வென் அம்மாள் உற்சாகமாகக் கை நீட்டிவிட்டார். "இங்க குடுங்க. தையலைப் பாத்தே நாங்க சொல்லிருவோம்."

அவர் கட்டைவிரல் மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். அந்த இடத்தில் நூலை இரண்டாக ஓட்டி முடிச்சை உள்ளே மறைப்பேன். எங்கள் ஆறு பேரில் நான் மட்டும்தான் அப்படிச் செய்வேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த உற்சாகம் போய்விட்டது.

"அசெனோர்," என்றார் மெதுவாக. "இது யார் தையல்னு உனக்கும் தெரியலைதானே?"

தெரியவில்லை என்றால் போதும். அவரே வழி காட்டுகிறார். பிறகு கையுறையைத் தூதனிடம் தூக்கிப் போடுவார்கள், வாத்தின் மிச்சத்தைச் சாப்பிடுவோம், நாளை நான் கோட்டைக்குப் போகச் சாமான் கட்டலாம். அக்கரையில் ஒருவன் வாளை உடைப்பார்கள்.

மண்டபத்தில் நான் அதுவரை பேசியதே இல்லை. எழுந்து நின்றேன்.

"தெரியுதும்மா. ஆனா அதைச் சொல்ல வேண்டியது நான் இல்ல."

"உக்காரு பொண்ணே. விருந்தைக் கெடுக்காத."

"பந்தியிலேர்ந்து எழுந்து போனவனுக்காகத்தானேம்மா அன்னைக்கு அழுதீங்க?"

"அது கதை!"

"ஆமாம்மா. கதையில குள்ளனோட வாளை யாரும் உடைக்கல."

நான் அலோரைப் பார்க்கவில்லை. பார்த்தால் தள்ளியது போல ஆகிவிடும். அவருக்குத் தள்ளிவிட ஆள் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். தட்டில் இருந்த எலும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெஞ்சு பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"அது என்னோட கையுறை," என்றார் அலோர். "மோர்வான் சொன்னதெல்லாம் உண்மை. விழுந்தேன். அவன் ஈட்டி என் கழுத்துல இருந்துது. வாக்குக் கொடுத்தேன். அதுக்கப்புறம் துறையைக் காப்பாத்தினது எங்கண்ணன். நீங்க என்னைப் புகழ்ந்தப்போ நான் சும்மா இருந்துட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆத்துல போச்சுன்னு உங்கிட்ட சொன்னதும் பொய்."

அவர் காதுகள் சாதாரண நிறத்தில் இருந்தன.

ரிவாலோன் கோப்பையை நகர்த்தி வைத்தார். "அப்போ துறைக் கோட்டை?"

"கைதிக்கு எதுக்குய்யா கோட்டை?"

கோட்டை அன்றே கதோரெக்குப் போனது. எங்களைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை தூதன் வாசலில் குதிரையோடு நின்றான். உறைபனி விழுந்திருந்தது. "போட்டுக்கோங்க, கை விறைச்சுரும்" என்று கையுறையை அலோரிடம் நீட்டினான்.

"வேணாம். யார்கிட்ட கொடுத்தேனோ அவன் கையால வாங்கிக்கறேன்."

இடக்கையில் கடிவாளமும், வலக்கை அக்குளுக்குள்ளுமாகச் சாம்பல் குதிரையில் போனார். வளைவில் திரும்பிப் பார்க்கவில்லை. வலக்கையை மட்டும் வெளியே எடுத்து ஒருமுறை உயர்த்தினார்.

கதோரெ என் பக்கத்தில் நின்றிருந்தார். "எங்க வீட்டுல ஒரு முட்டாள்தான்னு நினைச்சுட்டு இருந்தேன்."

"நான் ஜோடியாத்தான் தைப்பேன், பெரியத்தான்."

அவர் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். அவர் துறைக்குக் குடிபோனபோது பரண் சாவியை என்னிடம் கொடுத்தார். கெட்டுப்போன ஆப்பிள்களைப் பொறுக்கி எறிந்தேன். மேற்கு ஜன்னலைத் திறக்க முடியும் என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். நோல்வென் அம்மாள் இரண்டு வாரம் என்னைத் தைக்கக் கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது வேறு கதை படித்தார்.

பிப்ரவரி தொடக்கத்தில், மெழுகுவர்த்தித் திருநாளுக்கு முந்தின நாள் அலோர் நடந்தே வந்து சேர்ந்தார். குதிரையை மோர்வான் வைத்துக்கொண்டானாம். தோற்றவர் குதிரை வென்றவன் உரிமை. விடுவிக்க வேறெதுவும் கேட்கவில்லையாம். அலோர் தளபதி முன்னால் நின்று நடந்ததைச் சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் கழித்து மோர்வானுக்குப் பட்டம் கட்டினார்கள். பட்டத்துக்கு அடையாளமாக அவன் காலில் குதிமுள்ளை மாட்டிவிட்டது அலோர்தான்.

சூப் கொதிக்கும்வரை அவர் கையுறைகளை அடுப்பங்கரையில் காயவைத்தார். இரண்டு இருந்தன. வலதை எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் பக்கம் சேணம் தைக்கும் தடித்த நூலில் யாரோ கோணலாகத் தைத்திருந்தார்கள்.

"யார் வேலை இது?"

"மோர்வான். மாட்டிப் பாத்தவங்க பிச்சுட்டாங்க போல. பிஞ்சதைத் திருப்பிக் கொடுக்க வெக்கமா இருக்குன்னு ராவெல்லாம் உக்காந்து தைச்சான்."

"ஈட்டி பிடிக்கறவன் தையல்தான்."

"பிரிச்சுட்டு நீயே தைச்சுரு."

நான் பிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கையுறையில் நான் போட்ட தையல் மூன்று இடத்தில் விட்டுப்போனது. மோர்வான் தைத்த இடம் இன்னும் பிரியவில்லை.