இடது கால் காலுறை

கர்ப்பத்தில் நரம்பு புடைத்த அண்ணியின் கால்களுக்கு டாக்டர் கொடுத்த இறுக்கமான காலுறையில், இடது மட்டும் நேற்றிலிருந்து ஏற மறுத்தது. அதைத் துவைத்தவள் தையல்காரியான நாத்தனார். அண்ணிக்குச் சந்தேகம் மூண்டது.

“ஒரு தையல் போட்டுப் பிடிச்சிருப்ப. உன் கைதான் சும்மா இருக்காதே!”

“நான் தொடவே இல்ல அண்ணி. வேணும்னா கால் மாத்திப் போட்டுப் பாருங்க.”

மாற்றினாள். சந்தேகப்பட்ட காலுறை வலது காலில் சுலபமாக ஏறியது. மற்றதோ இடது கெண்டைக்காலிலேயே சிக்கி நின்றது. அங்கே தொட்டால் சுட்டது.

ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே வரச்சொல்லி டாக்டர் எச்சரித்தது அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது.

“என்மேல கோபமா?”

“சண்டையை வந்து வச்சுக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடறேன், அசையாம உக்காருங்க.”