மிளகுக் கிடங்கில் ஒரு பால்கனி

கப்பலின் ஒற்றை அறையில் நான்கு பேர் இரண்டு நாள் வாழ முடியுமா என்பதை நிலத்திலேயே சோதித்துவிட வேண்டும் என்று சொன்னவர் சிவராமகிருஷ்ணன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் அடுக்கிவைக்கும் கிடங்கு ஒன்றை நடத்துபவர் அவர். தரம் பார்க்காமல் எதையும் உள்ளே எடுத்ததில்லை. கப்பலையும் அவர் ஒரு சரக்காகவே கருதினார்.

கொச்சியிலிருந்து லட்சத்தீவுப் பக்கம் போய்த் திரும்பும் அந்த உல்லாசக் கப்பலில், பால்கனி உள்ள அறை நான்கு பேருக்கானது. ஒரு தம்பதி மட்டும் எடுப்பதென்றால் கட்டணம் கைக்கு எட்டாது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்தால் எட்டும். ஆகவே சிவராமகிருஷ்ணனும் அவர் மனைவி கமலாக்ஷியும், அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஆனந்தகுமாரும் செல்வலட்சுமியும் ஒரே அறைக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். எடுத்துக்கொள்கிறார்களா, விட்டுவிடுகிறார்களா என்பதை ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் சொல்லியாக வேண்டும். அதே அறைக்கு வேறொரு குடும்பம் காத்திருப்பதாக ஏஜென்சிக்காரர் எச்சரித்திருந்தார்.

செல்வலட்சுமிக்கு அறை ஒரு பொருட்டல்ல, பால்கனிதான் எல்லாம். தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல், போர்ட் கொச்சிக் கடற்கரையில் நின்று, துறைமுகத்தை விட்டு வெளியேறும் கப்பல்களுக்குக் கைகாட்டிக்கொண்டிருப்பவள் அவள். பால்கனிகளில் நிற்பவர்கள் பதிலுக்குக் கைகாட்டுவார்கள். ஒருமுறையாவது அவர்கள் நிற்கும் இடத்தில் தான் நின்று கரையைப் பார்த்துக் கைகாட்டிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. சன்னலே இல்லாத உள்ளறை மலிவாகக் கிடைக்கும் என்று கணவன் ஒருநாள் சொல்லிப் பார்த்தான். "அதுக்கு நம்ம மாடிப்படிக்கு அடியிலயே ரெண்டு நாளு படுத்துக் கெடக்கலாமே," என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள்.

ஞாயிறு காலை, கிடங்கின் நடுப்பகுதி காலியாக இருந்தது. ஆனந்தகுமார் டைல்ஸ் ஒட்டும் காண்ட்ராக்டர். ஏஜென்சி தந்த வரைபடத்தைப் பார்த்து, நீலப்பொடி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினான். அறை, குளியலறை, பால்கனி எல்லாம் தரையில் நீலக் கோடுகளாக விழுந்தன. பிறகு நால்வருக்கும் சாயா வாங்கப் புறப்பட்டான்.

அவன் திரும்புவதற்குள் சிவராமகிருஷ்ணன், சுமைதூக்கும் ஒச்சப்பனைக் கொண்டு மிளகு மூட்டைகளை அடுக்கி, அறைக்குச் சுவர் எழுப்பத் தொடங்கிவிட்டார்.

"கோட்டைத் தாண்டி ஒரு மூட்டை போகப்படாது, கேட்டியா."

"என்னைக்குச் சாமி தாண்டியிருக்கு?" என்ற ஒச்சப்பன், வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

பால்கனிக்கு மட்டும் சுவர் இல்லை. படகில் சரக்கேற்றும் பின்வாசலையும் அதற்கப்பால் காயலையும் பார்த்தபடி அது வெறும் நீலக் கோடாகக் கிடந்தது. அதில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் செல்வலட்சுமி தன் கையாலேயே கொண்டுவந்து போட்டிருந்தாள்.

நால்வரும் பெட்டிகளுடன் உள்ளே நுழைந்தார்கள். நுழைந்தபின் திரும்பிக்கொள்ள இடமில்லாமல் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து நின்றார்கள்.

"கப்பல்ல எல்லாத்தையும் குறுக்கித்தான் வச்சிருப்பான் மாமா," என்றான் ஆனந்தகுமார்.

"குறுக்கறதுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா? பெட்டியை எங்க வைக்கறது?"

"கட்டிலுக்கு அடியில."

"கட்டிலுக்கு அடியில என் பெட்டி இருக்கே."

"அப்ப அதுக்கு மேல."

கட்டிலாக ஒரு பாய் விரிக்கப்பட்டிருந்தது. சுவரிலிருந்து இறக்கிக்கொள்ளும் இரண்டு மேல்படுக்கைகளுக்குப் பதிலாக, எதிரெதிர் மூட்டைச் சுவர்களின் மேல் பலகைகள். ஆண்கள் மேலே, பெண்கள் கீழே என்பது முதல் தீர்மானம். சிவராமகிருஷ்ணனின் முழங்கால் இரண்டாவது மூட்டையிலேயே அந்தத் தீர்மானத்தை நிராகரித்தது. அவரை இறக்கி உட்கார வைத்துவிட்டு, கமலாக்ஷி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். ஏறியவர் இறங்க மறுத்தார்.

"இங்க காத்து நன்னா வரது. கீழே நடக்கறதெல்லாம் தெரியறது. நான் இங்கேயாக்கும்."

"இறங்கு கமலே. மூட்டை மேல ஏறிப் படுத்துண்டிருக்கறதை நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பா?"

"கப்பல்ல யாரு பார்க்கப் போறா? மீனா?"

எதிர்ச்சுவரின் மேல் ஆனந்தகுமார் ஏற்கெனவே காலை நீட்டிவிட்டிருந்தான். கீழே பாயருகில் எஞ்சியவர்கள் சிவராமகிருஷ்ணனும் செல்வலட்சுமியும். இந்த ஏற்பாட்டின் பொருள் நால்வருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. ஆனந்தகுமார் உடனே இறங்கி வந்தான். அவன் இடத்துக்குச் செல்வலட்சுமி ஏறிப் போனாள். ஆக, இரட்டைக் கட்டில் ஆண்கள் இருவருக்கென்று ஆனது.

"விடியறச்சே பால்கனி எனக்கு வேணும்," என்று பாயில் ஓர் ஓரமாகச் சாய்ந்தபடி சிவராமகிருஷ்ணன் அறிவித்தார். "கிழக்கைப் பார்த்து நின்னு சந்தியாவந்தனம் பண்ணணும்."

"கப்பல் திரும்பினா கிழக்கும் மாறிருமே மாமா," என்றாள் மேலிருந்து செல்வலட்சுமி.

"கிழக்கு அங்கேதான் இருக்கும். நான் திரும்பிக்கறேன்."

புளியோதரை சாப்பிட்டபின் உறக்கச் சோதனை. மிளகுத் தூசியில் முறைவைத்து எல்லாரும் தும்மினார்கள். "கப்பல்ல மிளகு கிடையாது, தும்மலை விட்டுடுங்கோ," என்று கமலாக்ஷி தீர்ப்புச் சொன்னார். தும்மல் அடங்கியபோது ஆனந்தகுமாரின் குறட்டை எழுந்தது. சிவராமகிருஷ்ணன் அதைக் கண்டிக்கும் பொருட்டு விழித்திருந்து, அப்படியே உறங்கிப்போய், அதைவிடப் பெரிதாக ஒன்றை எழுப்பினார். அந்த வேளையில் ஆனந்தகுமாரின் போன் அடித்தது. ஏலூரில் ஏதோ ஒரு குளியலறையில் தண்ணீர் வாட்டம் தப்பிவிட்டதாம். "சேட்டா, ஸ்லோப் அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்," என்று ஆனந்தகுமார் படுத்தபடியே கையை வீசி விளக்க, அது சிவராமகிருஷ்ணனின் மூக்கில் பட்டது. அவர் பதறி எழுந்து, அவன் முழங்காலை மிதித்து, பிடிமானத்துக்குக் குளியலறைச் சுவரைப் பற்றினார். சுவர் அவரோடு சேர்ந்து மெல்லச் சாய்ந்தது.

மூட்டைகளின் மேலிருந்து எழுந்தபோது அவர் தீர்மானித்துவிட்டிருந்தார்.

"போரும். நாலு பேருக்கு இந்த அறை ஆகாது. வேண்டாம்னு சொல்லிடறேன்."

அவர் போனைத் தேடினார். முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த ஆனந்தகுமார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "மாமா சொல்லுததும் சரிதான் செல்வி. அடுத்த வருசம் பாப்போம்," என்றான்.

"அடுத்த வருசம் கப்பல் பெருசாயிருமா, நீங்க சின்னதாயிருவீகளா?"

அவள் இறங்கினாள். இருவரையும் தாண்டிப் பால்கனிக்குப் போய், நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பால்கனி அந்த வேறொரு குடும்பத்துடையதாகிவிடும். அதன் ஓரத்து நீலக் கோட்டைக் காலால் அழித்துவிடலாமா என்று தோன்றியது. குனிந்து பார்த்தாள். கோடு பால்கனியோடு நிற்கவில்லை. பின்னோக்கி நேராக ஓடியது. எழுந்து அதைத் தொடர்ந்து நடந்தாள். அறைக்குள் போக வேண்டிய கால்கள், மூட்டைச் சுவருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன.

"மாமி," என்றாள். "பால்கனி ஏன் ரூமை விட அகலமா இருக்கு?"

"உல்லாசக் கப்பலோன்னோ, அப்படித்தான் இருக்கும்," என்றார் சிவராமகிருஷ்ணன், போனில் எண்ணைத் தேடியபடி.

ஆனந்தகுமார் நொண்டிக்கொண்டு வந்து பார்த்தான். மறுபக்கமும் போய்ப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான்.

"மாமா, எதுக்கு மூட்டையக் கோட்டுக்கு உள்ள அடுக்குனீக?"

"பின்னே? கோட்டுக்கு வெளியே யாராவது அடுக்குவாளா?"

"கோடுதான் மாமா ரூமோட உள்ளளவு. சுவரு அதுக்கு அங்கிட்டு வரணும்."

டைல்ஸ்காரனுக்குக் கோடு என்பது தரை தொடங்கும் இடம். கிடங்குக்காரருக்கு அது மூட்டை முடியும் இடம். இருவரும் தத்தம் தொழிலில் இம்மியும் பிசகவில்லை. விளைவாக, ஒவ்வொரு பக்கமும் ஒரு மூட்டையின் நீளத்தை அறை இழந்திருந்தது.

"அப்போ நான் படுத்துண்டிருக்கற இடமும் ரூம்தானாக்கும்," என்றார் மேலிருந்து கமலாக்ஷி.

ஒச்சப்பன் இல்லாததால் ஆண்கள் இருவருமே மூட்டைகளை இழுத்தார்கள். கமலாக்ஷியை இறக்குவதே அதில் கடினமான வேலையாக இருந்தது. ஒரு பக்கம் ஒதுங்கியதுமே சிவராமகிருஷ்ணன் உள்ளே நின்று கையை வீசிப் பார்த்தார். யார் மூக்கும் தட்டுப்படவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். அதைச் சுற்றி நடந்தார்.

"இவ்வளவு இடம் வீணாப் போறதே. என் தம்பி வெங்கிட்டுவையும் கூப்பிட்டிருக்கலாம்."

"நீங்க முதல்ல போனைப் பண்ணுங்கோ," என்றார் கமலாக்ஷி.

ஏஜென்சிக்காரரிடம் அறை வேண்டும் என்று சொன்னதோடு சிவராமகிருஷ்ணன் நிற்கவில்லை. தரம் பார்க்கும் பழக்கம் விடவில்லை. கப்பலின் எந்தப் பக்கம் என்று கேட்டார். பதிலைக் கேட்டு முகம் சுருங்க, போனைக் கையால் பொத்தினார்.

"வலது பக்கமாம். வெளியே போறச்சே அது அக்கரை வைப்பின் தீவைப் பார்த்தாக்கும் வரும். போர்ட் கொச்சி மத்தப் பக்கம். என்ன சொல்லட்டும்?"

மூவரும் செல்வலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் பின்வாசலுக்கு வெளியே காயலைப் பார்த்தபடி, கப்பலைப் போலவே உடம்பை ஒருமுறை முழுதாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எடுத்துக்கிடுங்க மாமா. போகும்போது வைப்பின்காரங்களுக்குக் கைகாட்டுதேன். வரும்போது கப்பல் திரும்பித்தானே வரும்? நம்ம கரை அப்ப பால்கனிக்கு நேரா வந்துரும்."

சிவராமகிருஷ்ணன் மனத்துக்குள் கப்பலைத் திருப்பிப் பார்த்தார். சரியாகவே இருந்தது. உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

"திரும்பி வரது விடியற நேரமாக்கும். அப்போ பால்கனி எனக்குன்னு சொல்லியிருக்கேனே."

"கரை தெக்க இருக்கும் மாமா. உங்களுக்குக் கிழக்குதானே வேணும்?"

பின்வாசலுக்கு நேரே வாட்டர் மெட்ரோ படகொன்று எறணாகுளம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. செல்வலட்சுமி நீலக் கோட்டின் விளிம்பில் நின்று கையை உயர்த்தினாள். படகின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து யாரோ, கொஞ்சம் தயங்கி, கைகாட்டினார்கள். போனில் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டிருந்த ஏஜென்சிக்காரரிடம் "உறுதி" என்று சொல்லிவிட்டு, சிவராமகிருஷ்ணன் பால்கனி நாற்காலி ஒன்றைக் கிழக்கே திருப்பிப் போட்டு அமர்ந்தார்.