காலேஜுக்குப் போன சீர்

அகல்யா அக்காவுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆட்டுக்கால். முட்டி பிரியாமல், சதை கொஞ்சம் ஒட்டியிருக்கிற கால். கூடவே ஒரு துண்டு கொழுப்பு, நெஞ்செலும்பின் நுனி. உடம்பில் ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பிடித்திருக்கும் இணைப்புத் திசுக்களை வகை வகையாகக் காட்டி, மேடத்துக்கு விளக்க வேண்டும். பிசியோதெரபியில் அந்தப் பாடம் மட்டும் போன தடவை போய்விட்டது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா புதுவயல் ரைஸ்மில்லுல மூட்டைக்குச் சீட்டுப் போடப் போயிரு" என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பா பூமிநாதன் சும்மா சொல்கிற ஆள் இல்லை. பத்தாவதோடு நின்ற எனக்கும் அந்த மில்லில் கேட்டு வைத்திருந்தார். ஆளைக் கண்டால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவதால்தான் விட்டுவிட்டார்.

விடிந்ததும் செக்காலைக் கறிக்கடையில் எல்லாம் வாங்கி வந்தோம். அக்கா பிரித்துத் தட்டுகளில் பரப்பினாள். நான் காகிதக் கொடிகள் வெட்டிக் கொடுத்தேன். அவள் அவற்றில் இங்கிலீஷில் பெயர் எழுதி, பல்குச்சியில் ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் குத்தினாள். ஆட்டுக்காலுக்குச் சுதந்திர தினம் கொண்டாடியது போல இருந்தது.

ஆட்டோவில்தான் சிக்கல் வந்தது. ஆட்டோக்காரர் சின்னச்சாமி அண்ணன் பழனிக்கு நடந்து போக மாலை போட்டிருந்தார். வண்டியில் கறி ஏற்ற மாட்டார். முகூர்த்த நாள் என்பதால் வேறு ஆட்டோவும் இல்லை.

"சீருத் தட்டுல வச்சு மூடிக் கொண்டு போங்கடி. சீருன்னு சொல்லுங்க. யாரு தெறந்து பாக்கப் போறாக?" என்றாள் அம்மா.

உண்மைதான். எங்கள் பக்கம் சீர்த்தட்டை வழியில் யாரும் திறக்கக் கூடாது. சபையில் கொண்டு போய் வைத்து, பெரியவர்கள் எடுக்கச் சொன்ன பிறகுதான் துணியை எடுப்பார்கள். அன்றைக்கே புதுவயலில் துர்காதேவி அத்தை மகளுக்குக் காதுகுத்து. அப்பாதான் தாய்மாமன். அந்தச் சீர்த்தட்டுகளும் கூடத்தில் தயாராக இருந்தன. இந்தப் பக்கம் எங்கள் ஐந்து, அந்தப் பக்கம் அப்பாவின் ஐந்து, எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரிச் சிவப்புத் துணி.

நாங்கள் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது, நேரமாகிவிட்டது என்று கத்திக்கொண்டே அப்பா ஐந்து தட்டுகளைக் காரின் டிக்கியில் அடுக்கி, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மீதி இருந்ததைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஆட்டோவில் ஏறினோம். அக்கா மூன்று, நான் இரண்டு.

"என்ன தாயி, சீரா?" என்றார் சின்னச்சாமி அண்ணன்.

"ஆமாண்ணே" என்றாள் அக்கா.

"காலேஜுக்கா?"

"எங்க மேடத்துக்குண்ணே."

"மேடத்துக்கு என்ன விசேசம்?"

அக்கா யோசிக்காமல், "காதுகுத்து" என்றாள்.

அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

"இம்புட்டு நாளாக் குத்தாமயா இருந்தாக?"

"நேத்திக்கடன் போல" என்றாள் அக்கா. சிரிப்பை அடக்க நான் தட்டின் மேல் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் மூச்சை இழுத்தார். "ஆஹா, மல்லியப்பூ வாசம் என்னமாத் தூக்குது!"

ஆட்டுக்காலில் மல்லிகை வாசம். "விரதம் முத்திப் போச்சுடி" என்று அக்கா என் காதில் சொன்னாள். மானகிரிப் பக்கம் உள்ள காலேஜ் வாசலில் இறங்கும்வரை நாங்கள் நிமிரவே இல்லை.

நாச்சியம்மை மேடம் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி. அக்கா தட்டுகளை வரிசையாக வைத்து, வணக்கம் சொல்லி, துணிகளை உருவினாள்.

ஆப்பிள். அதிரசம். ஒரு சீப்பு வாழைப்பழம். வாழைநாரால் சேர்த்துக் கட்டிய இரண்டு கரும்புத் துண்டுகள். பட்டுப்பாவாடை, அதன்மேல் மல்லிகைச் சரம்.

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "என்னையப் பொண்ணு கேட்டு வந்திருக்கியா, அகல்யா?" என்றார்.

அக்காவின் முகத்தில் ரைஸ்மில் தெரிந்தது. அழ வேண்டிய அந்த நேரத்தில், ஆட்டோவில் அடக்கிய சிரிப்பெல்லாம் சேர்ந்து எனக்குப் பீறிட்டு வந்துவிட்டது. சின்னச்சாமி அண்ணனுக்கு அடித்தது நிஜ மல்லிகை! நாங்கள் சொன்ன பொய்யும் நிஜம்! நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா என்னை முறைத்தாள். முறைக்கும்போதே அவளுக்கும் வாய் கோணியது. அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள். சிரித்ததில் பயம் எங்கோ போய்விட்டது.

"மேடம், இதுலயே சொல்லட்டுமா?" என்றாள்.

"இதுலயா? சொல்லு, பாக்குறேன்."

அக்கா ஆப்பிளைத் தூக்கினாள். அதன்மேல் மாட்டியிருந்த வெள்ளை வலையை இழுத்துக் காட்டினாள். "இது லூஸ் கனெக்டிவ் டிஷ்யூ மேடம். உறுப்புகளச் சுத்தி மெத்துன்னு நின்னு, இடிபடாமப் பாத்துக்கும்." அதிரசத்தை அமுக்கினாள், எண்ணெய் வந்தது. "கொழுப்புத் திசு. நாளைக்கு வேணும்னு சேத்து வைக்கிறது."

மேடம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"இந்தப் பழம்தான் தசை. சீப்போட அடிக்கட்டைதான் எலும்பு. ரெண்டையும் சேக்குற காம்பு இருக்குல்ல, அது டெண்டன். ரெண்டு கரும்பும் ரெண்டு எலும்பு. எலும்பையும் எலும்பையும் கட்டுற நாரு லிகமென்ட். கரும்பும் சும்மா இல்ல மேடம், எலும்பே ஒரு கனெக்டிவ் டிஷ்யூதான்."

"சரி, கார்டிலேஜ் எங்க?"

அக்கா தட்டுகளைப் பார்த்தாள். பட்டுப்பாவாடையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஓடுவதற்குள் என் காதைப் பிடித்துவிட்டாள்.

"இது என் தங்கச்சி ஈஸ்வரி, மேடம். மேல்காத மடக்குறேன், விட்டா நிமிந்துக்குது பாருங்க. வளையுற குருத்தெலும்பு, அதான் கார்டிலேஜ். கீழ் மடல்ல அது கெடையாது, அதான் காதுகுத்து அங்க."

மேடம் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வாசலில் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒளிந்துகொள்ள அங்கே கதவு இல்லை. என் உடம்பெல்லாம் சூடாகிக் காதுக்கு ஏறியது.

"ஒண்ணு விட்டுட்டியே. ரத்தம்?"

"அந்தா ஏறுது பாருங்க மேடம்!" என்று அக்கா கத்தினாள். "காது எப்புடிச் செவக்குது! ரத்தமும் கனெக்டிவ் டிஷ்யூதான். உடம்பு முழுக்க ஓடிச் சேக்குறது."

மேடம் நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பாஸ். ஒரு அதிரசம் எடுத்துக்கிறேன். முதல்ல அந்தப் பொண்ணோட காத விடு."

வெளியே வந்தபோது அக்காவின் போன் துடித்துக்கொண்டிருந்தது. அம்மா.

"அடியே! சபையில துணியத் தூக்குனா ஆட்டுக்காலு! அதுல கொடி வேற! என்னான்னு கேட்டதுக்கு உங்கப்பா, புது மாதிரிச் சீரு, எந்தத் துண்டு எதுக்குன்னு எழுதியிருக்குன்னுட்டாரு. கொழம்பு வைக்கத் தூக்கிட்டுப் போய்ட்டாக. உங்க அத்தைக்கு ஒரே பெருமை..."

அப்பா போனைப் பிடுங்குவது கேட்டது. "அத விடு. நீ என்ன ஆன?"

"பாஸுப்பா."

"அந்தப் பாவாடையாச்சும் கசங்காம வந்து சேரட்டும்" என்றார். பக்கத்தில் யாரிடமோ "பொண்ணு பாஸு" என்று அவர் சொல்வது கேட்டது.

நாங்கள் ஐந்து தட்டுகளையும் திரும்பவும் ஆட்டோவில் ஏற்றினோம். சின்னச்சாமி அண்ணன் தட்டுகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்ன தாயி, சீரு வேண்டாம்னுட்டாகளா?"

"இல்லண்ணே. பாஸுன்னுட்டாக" என்றேன். வெளி ஆளிடம் அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். "இப்பப் புதுவயலுக்கு விடுங்க. அங்குட்டும் ஒரு காதுகுத்து இருக்கு!"