பட்டினி நைட்ரஜன்

என் வேலை கழுதை விட்டை பொறுக்குவது. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். ஆய்வுப் பண்ணையின் மேய்ச்சல் தரையில் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் போடும் விட்டையைச் சூடு ஆறுவதற்குள் எடுத்து, நிறுத்து, பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். அதிலிருந்து எவ்வளவு நைட்ரஜன் மண்ணுக்குப் போகிறது என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டிலும் இதே வேலை நடந்தது. கடைசியில் இரண்டு நாட்டு அளவையும் ஒப்பிடுவார்களாம். விட்டைக்கு ஐஸ் பெட்டி, எங்களுக்கு வெயிலில் ஒரு குடை கிடையாது.

அந்த மிருகங்களில் ஒரு கழுதையும் ஒரு கோவேறு கழுதையும் என் அக்காவுடையவை. அத்தான் போன பிறகு தண்ணீர் வண்டி ஓட்டித்தான் அவள் இரண்டு பெண்களுக்கும் சோறு போட்டாள். நிறைந்த பீப்பாயைக் கோவேறு கழுதைதான் இழுக்கும். கழுதைக்கு அந்தத் தெம்பு இல்லை. மழை பொய்த்து, தீவனத்துக்கு வழியில்லாமல் போனபோது, "மேய்ச்சலும் தண்ணியும் எங்க பொறுப்பு" என்று பண்ணையில் சொன்னதை நம்பி, ஆராய்ச்சி முடியும்வரை இரண்டையும் ஒப்படைத்தாள்.

பண்ணையிலும் புல் காய்ந்தது. முதலில் மஞ்சள், அப்புறம் வெறும் மண். மிருகங்கள் வேலிக் கம்பத்தின் பட்டையை உரித்துத் தின்றன. இத்தனைக்கும் வேலிக்கு வெளியே கொட்டகையில் வைக்கோல் கட்டுகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

ஆராய்ச்சி அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் கால்குலேட்டர். அவரிடம் போய் நின்றேன்.

"சார், வைக்கோல் போடலாமா? கோவேறு கழுதைக்கு விலா எலும்பு எண்ணிடலாம் சார்."

"இது மேய்ச்சல் ஆராய்ச்சிம்மா. வெளித் தீனி போட்டா நைட்ரஜன் மாறிடும். அந்த நாட்டோட எப்படி ஒப்பிடறது?"

"செத்துப்போச்சுன்னா எதோட ஒப்பிடுவீங்க?"

"வாயை அடக்கு" என்றார்.

மத்தியானம் யாரும் பார்க்காதபோது ஒரு கை வைக்கோலை வேலிக்குள் போட்டேன். மறுநாள் விட்டையில் வைக்கோல் துணுக்கைக் கண்டுபிடித்துவிட்டார், பாவி. அந்த வாரத்துப் பைகளையெல்லாம் குப்பையில் கொட்டச் சொல்லி, கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா வந்து கெஞ்சினாள். "சார், கோவேறு கழுதையைத் திருப்பிக் குடுத்துடுங்க. இலை தழை எதையாவது வெட்டிப் போட்டுக்கறேன். அது இல்லைன்னா எங்க வீட்ல உலை இல்லை சார்."

"நடுவுல ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தமும் வீண். முடியட்டும், பத்திரமா தரேன்."

பத்திரம்! என் வாயில் நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை.

அடுத்த வாரம் அந்த நாட்டு அளவு வந்தது. நம்முடையதைவிட எங்கேயோ மேலே இருந்தது. கால்குலேட்டருக்குத் தலை சுற்றிவிட்டது. அங்குள்ள அதிகாரியை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பக்கம் மட்டும் எப்படி இவ்வளவு நைட்ரஜன்?"

"புல் காஞ்சதுமே வைக்கோல் போட ஆரம்பிச்சோமே" என்றது ஒரு பெண் குரல். "பஞ்சத்துல எந்த நாட்டுக்காரன் மிருகத்தை வெறும் தரையில விடுவான்? அவன் வழக்கமா போடறதைப் போட்டு, எவ்வளவுன்னு குறிச்சாத்தானே ஒப்பிட முடியும்? நீங்க போடலையா?"

கால்குலேட்டர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதைப் பறித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். ஒரு கட்டைப் பிரித்து, வாரி அணைத்துக்கொண்டு மேய்ச்சல் தரைக்குப் போனேன். அக்கா தினமும் வருவதுபோல் அன்றும் வந்திருந்தாள். கோவேறு கழுதை படுத்துக் கிடந்தது, தலை அவள் மடியில். வைக்கோலை அதன் வாயருகே வைத்தேன். உதடு அசைந்தது. நாலு இழையைக் கவ்விக்கொண்டது. மெல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் வயிறு ஏறி இறங்குவது நின்றது.

"நேத்து போட்டிருந்தா தின்னிருக்கும்ல?" என்றாள் அக்கா.

"தின்னிருக்கும்க்கா."

அதன் பல்லிடுக்கில் இருந்த வைக்கோலை அவள் மெதுவாக உருவி, பக்கத்தில் நின்ற கழுதைக்கு நீட்டினாள். அது உடனே தின்றது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வெடித்தது.